நூற்று இருபத்தேழு டிகிரி

அத்தியாயம் 7

"இதுல கையெழுத்துப் போட்ட புண்ணியவான் யாருன்னு எனக்குத் தெரியணும்மா."

சொன்னவர் எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்த பால்சாமி. ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். எட்டாக மடித்த ஒரு தாளைக் காக்கிச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, சுகந்தி அக்காவின் மேஜைமேல் விரித்து, உள்ளங்கையால் நீவிவிட்டார்.

நான் தலைகீழாகவே படித்தேன். படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, எழுதியவனே நான்தான். கீழே ஊதா மையில் என் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தது: 'கு. பாண்டிராஜ், கணினி நிபுணர்'.

"டீ சொல்லிட்டு வாரேன்க்கா," என்று எழுந்தேன்.

"உக்காரு," என்றார் அக்கா.

உட்கார்ந்தேன்.

அருப்புக்கோட்டை புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பாத்திரக்கடை மாடியில் இருக்கிறது சுகந்தி துப்பறியும் நிலையம். அக்கா பதினைந்து வருடம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவர். ரத்தம் எடுத்து அலுத்துப்போய், மனிதர்களிடமிருந்து உண்மையை எடுக்க வந்துவிட்டார். நான் அவருடைய உதவியாளன். முன்னாள் கம்ப்யூட்டர் மெக்கானிக். யாராவது கூப்பிட்டால் இப்போதும் போய்ப் பார்த்துக் கொடுப்பேன். 'நிபுணர்' என்பது ஸ்டாம்ப் செய்து தந்த கடைக்காரர் தன் இஷ்டத்துக்குச் சேர்த்தது. நான் ஆட்சேபிக்கவில்லை.

அக்கா தாளை உரக்கப் படித்தார். "'மதியம் இரண்டு மணிக்கு மேல் கணினியின் வெப்பம் நூற்று இருபத்தேழு டிகிரி வரை உயர்ந்து, கணினி தானாக அணைந்துள்ளது. காற்றுத் துவாரத்தை ஆபரேட்டர் துணியால் மூடியது காரணமாக இருக்கலாம்.'" நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் புண்ணியவான் இவன்தான்."

பால்சாமி சண்டைக்கு வருவார் என்று நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினேன். அவர் எழுந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"சார்தானா? நல்லதாப் போச்சு. ஒரே ஒரு கேள்வி சார். எம்மக அப்படிச் செஞ்சாளா?"

எனக்கு வாய் வரவில்லை. ஊரில் எல்லாருக்கும் பதில் சொல்கிற வாய் இது.

அவர் மகள் முருகலட்சுமி, இருபத்துநாலு வயது. டவுனில் விஜயபாண்டியின் டிசைன் சென்டரில் ஆபரேட்டர். சேலை பார்டர் டிசைனைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, பின்னால் ஓடும் பன்னிரண்டு விசைத்தறிகளுக்குக் கொடுப்பது அவள் வேலை. சித்திரை மாதத்திலிருந்து மதியமானால் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது. பாதி வரைந்த டிசைன் போய்விடுகிறது. சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதற்காக அவளே மெஷினைத் துணியால் மூடிச் சூடாக்குகிறாள் என்பது முதலாளியின் முடிவு. அந்த முடிவுக்கு ஸ்டாம்ப் குத்தியவன் நான்.

"இன்னைக்கு நாலு மணி டீ நேரத்துல, தறிக்காரவுக அத்தன பேருக்கும் முன்னால மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுக்கணும்னு முதலாளி சொல்லிட்டாக. இல்லன்னா வேலை இல்ல. இவ எழுத மாட்டேங்கிறா," என்றார் பால்சாமி. "படிச்சவுக ஸ்டாம்பு குத்திக் குடுத்தா அதுக்கு மேல என்ன இருக்கு? நேத்து ராத்திரி நான் கைநீட்டிட்டேம்மா. சின்னப் பிள்ளையில கூட அவள அடிச்சதில்ல. செஞ்சிருந்தா சொல்லுங்க, நானே எழுதிக் குடுக்கச் சொல்லுறேன். செய்யலைன்னா..." துண்டைக் கையில் சுற்றினார். "செய்யலைன்னா நான் அவகிட்ட என்னத்தச் சொல்ல?"

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டார். "பொண்ணு எங்க?"

"கீழ ஆட்டோவுல இருக்கா. மேல வர மாட்டேன்னுட்டா."

* * *

ஷேர் ஆட்டோவில் எதிரெதிர் பலகை. ஒரு பக்கம் அக்காவும் நானும், எதிரில் முருகலட்சுமி. இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. அது வசதியாக இருப்பதே கேவலமாகவும் இருந்தது.

அக்கா அவளை வைத்துக்கொண்டே என்னை விசாரித்தார்.

"துணியப் பாத்தியா?"

"இல்லக்கா. முதலாளி சொன்னாரு."

"மெஷினத் தொட்டுப் பாத்தியா?"

"அன்னைக்கு ஸ்க்ரூ டிரைவர் கொண்டுபோகலக்கா."

"தொட்டுப் பாக்க ஸ்க்ரூ டிரைவர் எதுக்கு?"

"எங்க தொழில்ல அது இல்லாம போனா மரியாதை இல்லக்கா." சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். ஆட்டோ எஞ்சின் சத்தம்தான் வந்தது.

முருகலட்சுமி வெளியே பார்த்தபடி சொன்னாள். "அணைஞ்ச உடனே கைய வெச்சுப் பாத்தேன், வெதுவெதுன்னுதான் இருந்துச்சுன்னு சார்கிட்டச் சொன்னேன். கேட்டுக்கிட்டாக. எழுதல."

உண்மை. சொன்னாள், கேட்டேன், எழுதவில்லை. எழுதாததற்குக் காரணமும் எனக்குத் தெரியும். ஆனால் அதை அக்காவிடம்கூட அதுவரை நான் சொல்லியிருக்கவில்லை.

அக்கா திடீரென்று தன் பழைய தொழிலுக்குப் போனார். "ஒருக்கா நரிக்குடிப் பக்கம் இருந்து ஆடு வளக்கிறவரு ஒருத்தர் வந்தாரு. விரல்ல குத்தி மெஷின்ல வெச்சா, சர்க்கரை ஐநூத்துச் சொச்சம். மனுஷன் மாடி ஏறி வந்து, பீடி பத்த வெக்கலாமான்னு கேட்டுக்கிட்டு நிக்காரு. மயங்கி விழ வேண்டிய ஆளு."

"மெஷின் கோளாறா?"

"மெஷினு ஒழுங்கா இருந்துச்சு. அவரு வாசல்ல கருப்பட்டிய உடைச்சுத் தின்னுட்டு வந்திருக்காரு. அந்த விரலத் துடைக்காம குத்துனது நானு. அளவு தப்பா வந்தா மூணு பேர விசாரிக்கணும் பாண்டி. அளக்கப்பட்டவன, அளக்குற மெஷின, அளந்தவன. நாம எப்பவும் முதல் ஆளோட நிறுத்திக்கிறோம்."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"அவருகிட்டயே சொன்னேன், என் தப்புன்னு. ரொம்ப வெக்கமா இருந்துச்சு. சொன்னேன்."

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

* * *

டிசைன் சென்டரில் அனல். பின்கட்டில் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. சுவரில் உரக்கம்பெனி விளம்பரத்தோடு ஒரு வெப்பமானி தொங்கியது. முப்பத்தொன்பது டிகிரி. ஏ.சி. கிடையாது, தலைக்குமேல் ஒரு மின்விசிறி மட்டும். அதன் கீழே, மேஜைமேல் திரையும் கம்ப்யூட்டரின் கறுப்புப் பெட்டியும் இருந்தன.

விஜயபாண்டி பெரிய பருத்தி வியாபாரக் குடும்பம். அப்பா காலத்துக்குப் பிறகு தறிக்கு மாறியவர். முருகலட்சுமியைப் பார்த்ததும், "நாலு மணிக்குத்தான வரச் சொன்னேன்?" என்றார். பிறகு என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். "வா பாண்டி! நீதான் அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டியே."

அந்த மலர்ச்சி என்மேல் ஒட்டிக்கொண்டது. போன வாரம் இதே இடத்தில் நின்றுகொண்டு, "வெயில்ல நின்ன வம்சம் பாண்டி, ஃபேனுக்குக் கீழ உக்காந்தா தூக்கந்தான வரும்," என்று அவர் சொன்னார். நான் சிரித்தேன். என் அம்மா திருச்சுழி ரோட்டுக் காடுகளில் இருபது வருடம் கூலிக்குப் பருத்தி எடுத்தவள். அப்படியும் சிரித்தேன்.

"தெனமும் அணையுதா?" என்று அக்கா ஆரம்பித்தார்.

"தெனமும். ரெண்டு மணிக்கு மேல அஞ்சு மணிக்குள்ள. சாப்பாடு உள்ள போன உடனே."

"ஒரு நாளு கூடத் தப்பலையா?"

"மூணு நாளு அணையல. மதுரையில கல்யாணம்னு நான் ஊருல இல்ல."

"நீங்க இல்லாதப்ப ஒழுங்கா ஓடிருக்கு."

"அதுலதான் சூட்சுமம் இருக்கு மேடம். நான் இருந்தாத்தான் தூங்க ஒரு சாக்கு வேணும். நான் இல்லன்னா எதுக்குச் சாக்கு?"

நல்ல வாதம்தான். இந்த வாதத்தில் முருகலட்சுமி தூங்கினாலும் குற்றவாளி, தூங்காவிட்டாலும் குற்றவாளி. அக்கா மறுக்கவில்லை. "நீங்க சாப்பிட்டு வாங்க. ஓட விட்டுப் பாக்குறோம்," என்றார்.

"அவ கை மெஷின்ல படக்கூடாது," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

எனவே நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். முருகலட்சுமி சுவரோரமாக நின்று, எந்த டிசைனை ஓட்டினால் மெஷினுக்குப் பளு அதிகம் என்று சொன்னாள். திரையின் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரு சின்னப் படம் இருந்தது. அதுதான் வெப்பத்தை அளக்கும் மென்பொருள். ஐந்து விநாடிக்கு ஒருமுறை மெஷினின் சூட்டைக் குறித்துக்கொள்ளும், நூற்றைத் தாண்டினால் மெஷினை அணைத்துவிடும். இப்போது ஐம்பத்தெட்டு காட்டியது.

அக்கா பால்சாமியின் துண்டை வாங்கி நாலாக மடித்து, பெட்டியின் காற்றுத் துவாரத்தை இறுக்கமாக மூடினார். "இப்ப நான் குற்றவாளி. பாப்போம்."

ஐந்து நிமிடத்தில் அறுபத்துநாலு. பத்தில் அறுபத்தொன்பது. கால் மணி நேரத்தில் எழுபத்துமூன்று, அதோடு நின்றுவிட்டது. உள்ளே விசிறி மூச்சுவாங்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. துண்டை எடுத்தார். இறங்குவதற்கும் கால் மணி நேரம் ஆனது.

"சூடு ஒவ்வொரு படியா ஏறுது, ஒவ்வொரு படியா இறங்குது," என்றார் அக்கா. "இப்ப உன் நூத்தி இருபத்தேழக் காட்டு."

பழைய பதிவைத் திறந்தேன். இரண்டு மணி பதினோரு நிமிடம் ஐந்தாவது விநாடி: ஐம்பத்தெட்டு. பத்தாவது விநாடி: நூற்று இருபத்தேழு. அதோடு மெஷின் அணைந்திருக்கிறது. திரும்பவும் போட்ட உடனே வந்த முதல் அளவு: ஐம்பத்தேழு. எல்லா நாளும் அப்படியே. எல்லா நாளும் நூற்று இருபத்தேழு, ஒரு டிகிரி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அஞ்சு விநாடியில அறுவத்தொம்பது டிகிரி ஏறுதாம். சாம்பார அடுப்புல வெச்சு எண்ணி அஞ்சுக்குள்ள கொதிக்க வெச்சா நான் நம்புறேன்." அக்கா என்னைப் பார்த்தார். "நீ இத அன்னைக்குப் பாத்திருப்பியே?"

"பாத்தேன்க்கா."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

பால்சாமிக்கு எண்கள் புரியவில்லை. துண்டு புரிந்தது. தன் துண்டையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். "துணி போட்டும் அணையலையே," என்று மெல்லச் சொன்னார். மகளைப் பார்க்கத் தலையைத் திருப்பி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

* * *

சரியாக இரண்டு மணிக்கு விஜயபாண்டி வெற்றிலை மணக்க வந்தார். நேராக மேஜைக்கு வந்து, என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, திரையில் இன்னொரு படத்தை, நீல நிறத்தில் இருந்ததை, இரண்டு தட்டு தட்டினார்.

"இது என்னது?" என்றார் அக்கா.

"ரெண்டாவது தராசு மேடம்." அவருக்குப் பெருமை. "எங்க வீட்டுல பருத்தி லோடு ஒரு தராச நம்பிப் படியிறங்குனதே இல்ல. ஒரு எட நம்ம தராசுல, ஒரு எட அடுத்தவன் தராசுல. ரெண்டும் ஒத்தாத்தான் வண்டி நகரும். அதே மாதிரி இதுலயும் சூட்ட அளக்க ரெண்டு வேணும்னு பாண்டிகிட்டச் சொன்னேன். சித்திரை பொறந்ததும் வந்து போட்டுக் குடுத்தான். சாப்பிட்டு வந்ததும் திறப்பேன், வீட்டுக்குப் போறப்ப மூடுவேன். நல்ல வெயில் நேரம் பாருங்க."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த பத்து நிமிடம் பச்சை ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது என்றே காட்டியது. தறிகள் மட்டும் அடித்தன. பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பச்சையில் நூற்று இருபத்தேழு என்று ஒரு மின்னல். திரை இருண்டது.

நாற்காலியில் இருந்தது நான். துவாரத்தில் துணி இல்லை. முருகலட்சுமி எட்டடி தள்ளிச் சுவரோரம் நின்றாள்.

"முதலாளி, இங்க கைய வைங்க," என்றார் அக்கா.

விஜயபாண்டி வைத்தார். எடுக்கவில்லை. நூற்று இருபத்தேழு டிகிரியில் யாரும் அப்படிக் கை வைத்துக்கொண்டு நிற்க முடியாது.

"வெதுவெதுன்னு இருக்கா?"

அவர் இன்னொரு கையையும் வைத்துப் பார்த்தார்.

மெஷினைத் திரும்பப் போட்டு, இரண்டு மென்பொருளின் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார் அக்கா. என் கை அவர் சொன்னதைச் செய்தது. பச்சை நூற்று இருபத்தேழு காட்டிய அதே விநாடியில், நீலம் ஐம்பத்தெட்டு. கொஞ்சம் மேலே, நீலத்தில் ஓரிடத்தில் பத்தொன்பது. அதே விநாடியில் பச்சை ஐம்பத்தொன்பது.

"பத்தொம்பதா?" அக்கா சுவரிலிருந்த வெப்பமானியைக் காட்டினார். "சும்மா நிக்கிற சுவருக்கே முப்பத்தொம்பது. உள்ள வெந்துக்கிட்டு இருக்குற மெஷினுக்குப் பத்தொம்பதாம். அருப்புக்கோட்டை வைகாசியில கொடைக்கானல் காத்து இந்தப் பெட்டிக்குள்ள மட்டும் அடிக்குது. முதலாளி, ரெண்டு தராசு வெச்சீக. ரெண்டும் ஒத்துப்போச்சான்னு ஒரு நாளாவது பாத்தீகளா?"

"அந்த... நீலத்துல கூடுதலாக் காட்டல. அதனால பாக்கல."

"அணையுறது நீங்க ஊருல இருக்குற நாளு. ரெண்டு மணிக்கு மேல. நீங்க இத திறந்த பிறகு, மூடுறதுக்கு முன்னால. தினமும் மெஷின அணைச்சது உங்க கை."

விஜயபாண்டி தன் கையையே பார்த்தார். "அது எப்படி மேடம்? தராசு எப்படித் தராசக் கெடுக்கும்?"

அதை விளக்கவேண்டியது நான். விளக்கினேன். பெட்டிக்குள் சூட்டையும் விசிறி வேகத்தையும் சொல்வதற்கு இருப்பது ஒரே ஒரு சிப். பஸ் ஸ்டாண்டில் விசாரணை ஜன்னலில் ஒரே ஒரு ஆள் இருப்பது போல. ஒருத்தர் மதுரை பஸ்ஸைக் கேட்க, அதே நொடியில் இன்னொருத்தர் விருதுநகர் பஸ்ஸைக் கேட்டால், ஒருத்தருக்குச் சொன்ன பதிலைக் கேட்டு மற்றவர் ஓடுவார். பச்சையும் நீலமும் ஒரே நொடியில் கேட்கும்போது பதில் மாறிப்போகிறது. சில நேரம் சிப் குழம்பி, தன்னால் காட்ட முடிந்த உச்ச எண்ணான நூற்று இருபத்தேழைச் சொல்லிவிடுகிறது. அதைச் சூடு என்று நினைத்துப் பச்சை மெஷினை அணைத்துவிடுகிறது. நீலத்தை மூடினேன்.

"நாலு மணி வரைக்கும் ஓடட்டும்," என்றார் அக்கா. பிறகு, மிகச் சாதாரணமாக, "பாண்டி, ரெண்டாவதப் போட்டப்ப அது ஒண்ணும் சொல்லலையா?" என்றார்.

"இல்லக்கா."

சொல்லிவிட்டேன். அத்தனை சுலபமாக வந்தது. உண்மைக்குத்தான் அன்று காலையிலிருந்து வாய் வரவில்லை.

விஜயபாண்டிக்கு நிம்மதி. "அப்ப யாரு மேலயும் தப்பில்ல. மெஷினுக்குள்ள நடக்குறது நமக்கு எங்க தெரியும்? இவனுக்குந்தான் எப்படித் தெரியும், பாவம். சரி பிள்ள, எழுதிக் குடுக்க வேணாம். நாளையில இருந்து வந்துரு."

எல்லாம் முடிந்தது. அவள் வேலை திரும்பியது, என் பெயரும் தப்பித்தது. நான் வாயை மூடிக்கொண்டு ஆட்டோ ஏறியிருந்தால் போதும்.

பால்சாமி என் முன்னால் வந்து நின்றார். இரண்டு கையையும் கூப்பினார்.

"சார், காலையில புண்ணியவான் யாருன்னு கோவத்துல கேட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதீக. மெஷினு காட்டுனதத்தான நீங்க எழுதுனீக. தெரிஞ்சா எழுதிருப்பீகளா?"

என் அப்பா வயதுக்காரர். எனக்கு முன்னால் கை கூப்பி நிற்கிறார். பக்கத்தில் அந்த வீங்கிய கன்னம். ஓடிவிடலாம் போல இருந்தது.

"தெரியும்," என்றேன்.

அவர் கை இறங்கவில்லை. புரியவில்லை போலும்.

"தெரியும்யா. ரெண்டாவதப் போட்டப்பவே திரையில எழுதிக் காட்டுச்சு. இதே வேலைய இன்னொண்ணு செஞ்சுக்கிட்டு இருக்கு, ரெண்டையும் சேத்து ஓட்டுனா அளவு தப்பா வரும்னு. படிச்சேன். முதலாளி ரெண்டு கேக்காக, எதுக்கு வம்புன்னு 'சரி'ய அமுக்கிட்டுப் போயிட்டேன். போன வாரம் இந்தப் பதிவப் பாத்தப்ப அது ஞாபகம் வந்துச்சு. நல்லாவே வந்துச்சு. சொன்னா, ஒரு மாசமா வேலை கெட்டது என்னாலன்னு ஆகும். முதலாளி துணின்னு சொன்னாரு. எனக்கு அது தோதா இருந்துச்சு. எழுதிட்டேன்."

பால்சாமியின் கைகள் மெல்லப் பிரிந்தன. விஜயபாண்டி சொன்னதை நான் இங்கே எழுத முடியாது. நியாயமான வார்த்தைகள்தான், அச்சில் வராது. அக்கா மட்டும் ஆச்சரியப்படவில்லை. ஆட்டோவிலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகத்தில் கோபத்தைத் தேடினேன். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அங்கே அலுப்புதான் இருந்தது.

முருகலட்சுமி மேஜைக்கு வந்தாள். டிராயரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தாள். அன்று அவள் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்துப் பேசியது அப்போதுதான்.

"டைப் அடிக்க வேணாம் சார். கையால எழுதுங்க. முதலாளி பேருக்கு வேணாம், எங்கப்பா பேருக்கு எழுதுங்க. 'இருக்கலாம்'னு எங்கயும் போடாதீக."

எழுதினேன். மூன்றாம் வரியில் இரண்டு இடத்தில் அடித்தல். வேறு தாள் கேட்டேன். "பரவாயில்ல, இதுவே போதும்," என்றாள்.

நாலு மணிக்குத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பன்னிரண்டு தறிக்காரர்கள் டீ கிளாஸோடு வந்து நின்றார்கள். மன்னிப்புக் கேட்கப் போவது முருகலட்சுமி என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன். பின்னால் திரையில் ஐம்பத்தெட்டு, ஒன்றரை மணி நேரமாக அசையவில்லை.

"அன்புள்ள பால்சாமி அவர்களுக்கு," என்று ஆரம்பித்தேன். பச்சை, நீலம், எச்சரிக்கை, துணி எல்லாவற்றையும் படித்தேன். 'உங்கள் மகள் சொன்னதைக் கேட்டும் எழுதவில்லை' என்ற இடத்தில் நிறுத்தி, டீ கிளாஸ்களைப் பார்த்தேன். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. முடித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன். ஸ்டாம்ப் என் பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை.

தாளை நீட்டினேன். பால்சாமி வாங்கிக்கொள்ளவில்லை.

"அதுல எம்பேரையும் சேத்துக்கங்க சார்," என்றார்.

"உங்க பேரு எதுக்குய்யா?"

"நீங்க பாக்காம எழுதுனீக. நான் கேக்காம அடிச்சேன். அவ சொல்லச் சொல்ல, பேப்பர்ல இருக்குன்னேன்."

பேனாவை வாங்கினார். மேஜைமேல் தாளை வைத்து, பழக்கமில்லாத கையால், என் பெயருக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். 'பா'வுக்கும் 'ல்'லுக்கும் நடுவில் ஒரு முறை நிறுத்திப் பேனாவை உதறிக்கொண்டார். முருகலட்சுமி அதுவரை அழவில்லை. அந்தக் கையெழுத்து முடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தாள்.

பிறகு அப்பாவின் கையிலிருந்து பேனாவை எடுத்து, விஜயபாண்டியின் முன்னால் நீட்டினாள்.

அவர் சுற்றிலும் பார்த்தார். "டீ நேரம் முடிஞ்சிருச்சு. தறியப் போடுங்க," என்றார்.

பன்னிரண்டு பேரில் ஒருத்தரும் நகரவில்லை. அவள் கையும் இறங்கவில்லை.

விஜயபாண்டி பேனாவை வாங்கினார்.